வாய் தைக்காத பைகள்

வலது கை தோள்வரை பைக்குள் போயிருந்தது. இடது கை பையின் நீளத்தைச் சுருக்கிச் சுருக்கிக் கொடுக்க, உள்ளே போன விரல்கள் அடிவட்டத்தைக் கொத்தாகப் பற்றி வெளியே இழுத்தன. காலுறையைத் திருப்புகிற வேலைதான். காலுறை ஆளைவிட நீளமாகவும் போர்வையைவிடத் தடிப்பாகவும் இருந்தால் எப்படியோ அப்படி. பை முழுக்க உள்வெளியாகத் திரும்பி மேசைமேல் கிடந்ததும், இரண்டு கட்டைவிரல்களும் துணியின்மேல் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து போயின. நின்றன. திரும்பி வந்து இன்னொரு முறை நடந்தன.

விரல்கள் தேடியது கம்பித் தடத்தை. சிமென்ட் ஆலையில் புகைபோக்கிக்கு முன்னால் பெரிய இரும்புப் பெட்டிபோல ஒன்று உண்டு. பை அறை என்பார்கள். அதற்குள் இந்தப் பைகள் வாய் மேலே இருக்க, வரிசை வரிசையாகத் தொங்கும். உலையிலிருந்து வரும் தூசி பையின்மேல் மோதி வெளியிலேயே தங்கிவிடும். காற்று மட்டும் துணிக்குள் புகுந்து மேலே போகும். உறிஞ்சுகிற வேகத்தில் பை சப்பையாகிவிடாமல் இருக்க உள்ளே ஒரு கம்பிக் கூண்டு. ஒரு வாரம் தொங்கினாலே போதும், கூண்டின் ஒவ்வொரு கம்பியும் பையின் உட்புறத்தில் மேலிருந்து கீழ்வரை கோடு போட்டுவிடும். துவைத்தாலும் போகாது, தேய்த்தாலும் போகாது.

பழைய பை, மாதிரிக்கு என்று ஆலை கொடுத்தனுப்பிய இந்தப் பையின் உட்புறம் நேற்றுத் தைத்ததுபோல வெள்ளையாக இருந்தது.

"அளவு எடுத்தாச்சா அண்ணி? துணிய விரிச்சு வெச்சிட்டு எவ்வளவு நேரம் நிக்கறது?" என்றாள் எதிர்மேசையில் நின்ற நாத்தனார். துணி வெட்டுவது அவள் வேலை. கையில் மட்டுமல்ல, பேச்சிலும் வெட்டுவாள் என்பதால் அவளுக்குக் கத்திரி என்றே பேராகிவிட்டது.

"இங்க வா. இதத் தொட்டுப் பாரு."

கத்திரி தொட்டுப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். "பூஞ்சக் காளான் வாசன வருது. வெளிய மட்டும் சிமென்ட்ல போட்டுப் புரட்டி எடுத்த மாதிரி இருக்கு."

"வாயப் பாரு."

பையின் வாயில் எஃகு வளையம் வைத்து மூடித் தைத்த பட்டி. பட்டியின் தையல் நீல நூல். கத்திரிக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போன தடவை ஆர்டரில் பாதியில் வெள்ளை நூல் தீர்ந்துபோய், கடையில் இருந்த நீல நூலைப் போட்டு வாய்ப்பட்டிகளை முடித்தது அவர்கள் இரண்டு பேரும்தான். உலகத்தில் வேறு எந்தப் பைக்கும் நீல வாய் கிடையாது.

"அப்போ இது…" என்று தொடங்கிய கத்திரி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டாள்.

*

தெருவில் அவளுக்குப் பைக்காரி என்று பெயர். கல்யாணமான புதிதில் பேருந்து இருக்கைகளுக்கு உறை தைக்கிற கடையில் சேர்ந்தவள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கிழிந்து வந்த உறைகளைத் தையல் தையலாகப் பிரித்து, எது முதலில் தைத்தது, எது பிறகு தைத்தது என்று பார்த்தே கற்றுக்கொண்டாள். ஒருநாள் ஆலையின் ஃபிட்டர் கிழிந்த வடிகட்டிப் பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "இத ஒட்டுப்போட முடியுமா?" என்று கேட்டார். அவள் ஒட்டுப்போடவில்லை. அதையும் பிரித்துப் பார்த்துவிட்டுப் புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து பைக்காரி.

அவள் கணவர் அதே ஆலையில் மூட்டை ஏற்றியவர். இப்போது ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதுதான் அவர் வேலை. படுத்தால் மூச்சு வராது என்பதால் தூக்கமும் அந்த நாற்காலியில்தான். நாக்குக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. "ஜன்னலத் திறந்தா ஆலை உள்ள வருது, மூடினா என் உசிரு வெளிய போகுது. நான் என்னம்மா பண்ணட்டும்?" என்பார்.

மகள் ஒருத்தி. சின்ன வயதிலேயே இழுப்பு. இங்கே வைத்திருக்க முடியாமல் பள்ளிக்கூட நாளிலேயே தூரத்து ஊரில் இன்னொரு அத்தை வீட்டில் விட்டு வளர்த்தார்கள். வளர்ந்து, வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணமும் ஆகி, இப்போது வயிற்றில் பிள்ளை. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை; பிரசவ நேரத்தில் நடுக்கடலில் இருப்பான். "நான் அங்கயே வந்துடறேம்மா. ஊரவிட்டுப் போனதிலிருந்து உன்கூட முழுசா ஒரு மாசம் இருந்ததில்ல" என்று மகள் போனில் சொன்னபோது, அம்மாவுக்கு மறுக்க வாய் வரவில்லை. "புது ஆர்டர் வந்திருக்குடி. பை மாட்டினதும் வா. அப்புறம் நீ பொறந்த வீட்டுல உன் புள்ள தாராளமா மூச்சு விடலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். மகள் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

போன தடவையும் இப்படித்தான். அப்போது தெருவே தினமும் ஆலை வாசலில் போய் நின்றது. வேலைக்குப் போகிறவர்கள் போகிற வழியில் நின்றார்கள், மற்றவர்கள் சமையலை முடித்துவிட்டு வந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை, சும்மா நின்றார்கள். அதுதான் ஆலைக்குத் தாங்கவில்லை. பைக்கு ஆர்டர் வந்தது. அவளும் கத்திரியும் தைத்துத் தள்ளினார்கள். பைகள் வண்டியேறிப் போன அன்று தெரு அவளைச் சூழ்ந்துகொண்டு கேட்டது: "மாட்டிடுவாங்களா?"

"பின்ன? தலகாணி உறையாவா போட்டுக்குவாங்க?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்போடு தெரு வீட்டுக்குப் போய்விட்டது. பெண்கள் கயிறு கட்டித் துணியை வெளியே காயப்போட்டார்கள். ஒரு வீட்டில் வாசலுக்கு வெள்ளை அடித்தார்கள். அவள் கணவர் பல வருடம் கழித்துக் கட்டிலில் மல்லாந்து படுத்துத் தூங்கினார். பிறகு மெல்ல, யாரும் பார்க்காதபோது, துணிகள் உள்ளே போயின. வெள்ளைச் சுவர் சாம்பலானது. "பை தேஞ்சிருக்கும்" என்றார்கள். வாசலில் போய் நிற்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒருமுறை கேட்டதைக் கொடுத்துவிட்ட ஆளிடம் மறுபடி எப்படிக் கேட்பது?

இப்போது மேசைமேல் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது அந்தப் பை. தூசி குறையவே இல்லை. குறைந்துவிடும் என்று அவள் சொன்னதைத்தான் தெரு முழுக்கச் சேர்ந்து மூச்சாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

*

அன்று சாயங்காலம் ஃபிட்டர் வழக்கம்போலச் சீட்டாட வந்தார். நெடுநெடுவென்ற உயரம்; உயரத்தில்தான் வேலையும். ஏணி என்றால்தான் ஆலையில் எல்லோருக்கும் தெரியும். பைக்காரி நீல வாய்ப் பையைச் சீட்டுகளின் மேல் போட்டாள்.

ஏணி அதைப் பார்த்தார். சீட்டுகளைக் கீழே வைத்தார்.

"எங்க வெச்சிருந்தாங்கண்ணே?"

"ஸ்டோர்ல. கட்டு பிரிக்கவே இல்ல. மாட்டணும்னா உலைய நிறுத்தணும். உலைய எவன் நிறுத்துவான்? தூசிய சோதிக்கிற ஆபீசருங்க வந்தப்போ அடுக்கி வெச்சதக் காட்டினாங்க, அவங்களும் தொட்டுப் பாத்துட்டு நல்லாருக்குன்னுட்டுப் போயிட்டாங்க. போன மழையில கூரை ஒழுகி அத்தனையும் பூஞ்சை. இப்போ மறுபடி ஆபீசர் வராங்க. அதான் புதுசு."

"காட்டறதுக்கு."

"காட்டறதுக்கு" என்று ஒப்புக்கொண்டார் ஏணி. "மாதிரிக்குப் பழைய பை ஒண்ணு கழட்டிக் குடுக்கச் சொன்னாங்க. மேல ஏறிக் கழட்டச் சோம்பல்பட்டு எவனோ இத சிமென்ட்ல புரட்டி எடுத்துக் குடுத்துட்டான்."

"ஏண்ணே, இத்தனை நாளா என் வீட்டுல உக்காந்து டீ குடிக்கிறீங்க. ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?"

ஏணி கையைப் பிசைந்தார். "சொல்லத்தான் வந்தேன் தங்கச்சி. வாசல் வரைக்கும் வந்தேன். பாத்தா தெரு பூரா துணி காயுது. உள்ள இவன் கால நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டுட்டு இருக்கான். எந்த வாயால சொல்றது?"

நாற்காலியில் இருந்த கணவர் கையை நீட்டினார். பையைத் தன் மடிக்கு இழுத்து உட்புறத்தைத் தடவிப் பார்த்தார்.

"அப்போ அந்த நாலஞ்சு மாசம் நான் மல்லாந்து தூங்கினது?" என்று கேட்டார்.

பைக்காரி அவர் மடியிலிருந்து பையை எடுத்து மடித்தாள்.

"நல்ல தூக்கம்மா அது" என்றார். இருமல் வந்தது, வந்து, அவரை உலுக்கி எடுத்துவிட்டு நின்றது. "தெருவுல சொல்லாத. இருக்கறது அது ஒண்ணுதான். இந்தத் தடவையும் தெச்சுக் குடு. இன்னும் கொஞ்ச நாள் தூங்கிட்டுப் போறேன்."

வேடிக்கைக்குச் சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். இல்லை.

தூசியை அவள் இத்தனை வருடம் பார்த்துவிட்டாள். வாணலியில், தலையணையில், மகளின் மூக்கில் பார்த்துவிட்டாள். ஆனால் விழித்துக்கொண்டே ஏமாறத் தயாராக இருக்கும் ஒரு மனிதரை, அதுவும் இந்த மனிதரை, பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் பையை உள்வெளியாகவே வாசல் கயிற்றில் தொங்கவிட்டாள். தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். கேட்ட எல்லோரிடமும் சொன்னாள்.

"நீதான மாட்டிடுவாங்கன்ன?" என்றாள் வெள்ளை அடித்த வீட்டுக்காரி. "தலகாணி உறையான்னு கேட்டுச் சிரிச்சியே?"

"ஆமா, சிரிச்சேன்."

"அத நம்பித்தான் என் மாமனாரை வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போகாம இங்கயே வெச்சிருந்தோம்" என்றாள் அவள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த மாமனார் போன வருடம் இறந்துபோனவர்.

ஆலை வாசலில் அன்று நின்றவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் ஒருவர் பேருந்துக்காகக் காத்திருந்தவர்.

*

"ஆர்டர வேணாம்னுடலாம் அண்ணி" என்றாள் கத்திரி. "வேற எவளாவது தெச்சுட்டுப் போறா. பாவம் நம்ம தலையில வேணாம்."

"வேற எவளோ தெச்சா அவ முழுசாத் தெச்சுக் குடுத்துடுவா."

"நாம?"

பைக்காரி வாய்ப்பட்டித் துணியைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். பை அறையில் பைகள் தொங்குவது துளை போட்ட ஒரு கனத்த இரும்புத் தட்டில். பையின் வாயில் இருக்கும் எஃகு வளையத்தை அமுக்கித் துளைக்குள் விட்டால் விரிந்து கவ்விக்கொள்ளும். கவ்வுவது தளர்ந்திருந்தால் அந்த இடுக்கு வழியாகத் தூசி தப்பிவிடும். துளைகள் தேய்ந்து ஒவ்வொன்றும் ஒரு அளவாக இருக்கின்றன என்று ஏணி எத்தனையோ தடவை சீட்டாட்டத்தின் நடுவே புலம்பியிருக்கிறார். காதில் வாங்கி வைத்ததோடு சரி. இதுவரை அது அவளுக்கு எதற்கும் உதவியதில்லை.

"உடம்பு பூரா தெச்சுடுவோம். வாய மட்டும் தைக்க வேணாம்" என்றாள்.

கத்திரி ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு கத்திரிக்கோலைக் கையில் எடுத்தாள். "அண்ணி, உனக்கு இவ்வளவு வெவரம்னு தெரிஞ்சிருந்தா எங்கண்ணனுக்கு உன்னக் கட்டிவெச்சிருக்கவே மாட்டேன்."

பைகள் போய்ச் சேர்ந்த அன்றே ஆலையின் ஸ்டோர்க்காரர் அவள் வீட்டு முன்னறைக் கடைக்கு வந்துவிட்டார். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. சட்டைக் கழுத்தில் சாம்பல் கோடு. அவர் வீடும் இரண்டு தெரு தள்ளித்தான்.

"என்னம்மா இது? எல்லாமே வாய் திறந்து கிடக்கு. வளையம் எங்க?"

"வளையம் என்கிட்ட இருக்கு சார். துளையெல்லாம் தேஞ்சு போச்சாம். ஒவ்வொரு துளைக்கும் அளவெடுத்து அங்கயே தெச்சு மாட்டினாத்தான் கவ்வும். மெஷினத் தூக்கிட்டு நானே மேல வரேன்."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இப்போதைக்குச் சும்மா ஒரு அளவா தெச்சுக் குடு. ஆபீசர் வரப்போ வாய் இல்லாத பைய எப்படிக் காட்டறது?"

"காட்டவா கேட்டீங்க? மாட்டறதுக்குன்னு நெனச்சுட்டேன்."

கத்திரி பக்கத்தில் நின்று துணியை வேண்டுமென்றே சத்தமாகக் கிழித்தாள். ஸ்டோர்க்காரர் அவளைப் பார்த்தார், நீல வாய்ப் பை தொங்கிய கயிற்றைப் பார்த்தார், வெளியே போய் யாருக்கோ போன் போட்டார். வெகுநேரம் பேசினார். குரலை உயர்த்தவில்லை; கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது. திரும்பி வந்தபோது நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"உலைக்குள்ள செங்கல் மாத்தறதுக்காக எப்படியும் நிறுத்தப் போறாங்களாம். அந்த நேரத்துல வந்து முடிச்சுக்கோன்னு சொல்லிட்டாங்க. ஆனா ஒரு அறைதான்."

"ஒரு அறைன்னா?"

"பை அறை ஒண்ணுன்னா நெனச்ச? எட்டு இருக்கு. நீ தெச்சது ஒரு அறைக்கு ஆகும்."

இத்தனை வருடம் தைத்தவளுக்கு அது தெரியாது. அவள் பைகளைத் தைத்து வண்டியில் ஏற்றியவள். அவை போகிற இடத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. எட்டு என்ற எண்ணைக் கேட்டதும் மீதி ஏழு அறைக்கு எத்தனை பை ஆகும் என்று மனசுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஸ்டோர்க்காரர் போனது கூட அவளுக்குத் தெரியவில்லை.

*

மகளுக்கு அவளே போன் செய்தாள். பேச ஆரம்பிக்கும் முன்பே மகள் ஆரம்பித்தாள்: தொட்டிலை அங்கே வாங்கலாமா, இங்கிருந்து கொண்டுவரலாமா.

"டிக்கெட்ட ரத்து பண்ணிடு கண்ணு."

"பை மாட்டலையா?"

"மாட்டப் போறோம். நானே போய் மாட்டறேன். ஆனா எட்டுல ஒண்ணுதான். மீதி ஏழு எப்போன்னு எனக்குத் தெரியாது. போன தடவ தெச்சது ஒண்ணுகூட மாட்டல. அதையும் இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"அம்மா, நீயே நம்பிக்கைய விட்டுட்டா எப்படி? நீதான எப்பவும் சரியாயிடும் சரியாயிடும்னு சொல்லுவ?"

"சொன்னேன். சொல்லிச் சொல்லி எல்லாரையும் உக்கார வெச்சுட்டேன்." போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள். "நம்பிக்கைய நான் விடல. அத நான் தைக்கறதுக்கு வெச்சுக்கறேன். உன் புள்ளைக்கு அது பத்தாதுடி. காத்து வேணும். நான் அங்க வரேன். உங்கப்பாவக் கத்திரி அத்த பாத்துக்குவா."

"அப்பாவ விட்டுட்டா? எவ்வளவு நாள்?"

மகள் அழுதாள். அவளை அழ விட்டு, போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோரத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"போயிட்டு வா" என்றார். "பேரனோ பேத்தியோ, இருமுதான்னு மட்டும் பாத்து எனக்குச் சொல்லு. இருமாம இருந்தா போட்டோ அனுப்பு. மாட்டி வெச்சுட்டு இருமறேன்."

சிரிக்க முயன்றாள். வரவில்லை.

*

பை அறையின் மேல்தளத்துக்கு ஏறும் படி இரும்புக் கம்பிகளால் ஆனது. இடுக்கு வழியாகக் கீழே தரை தெரிந்தது. தையல் மெஷினை ஏணி தோளில் சுமந்து வந்தார். தலைக்கு ஒரு தொப்பி கொடுத்தார்கள். அது அவள் காதுவரை இறங்கிக்கொண்டது. மேலே நின்று பார்த்தால் ஆலைக்குப் பின்னால் அவள் தெரு. எல்லா ஓடும் ஒரே சாம்பல் நிறம். எது தன் வீடு என்று கண்டுபிடிக்க அவளுக்கு நேரமானது. காலையில் உதறிக் கயிற்றில் தொங்கவிட்டு வந்த அந்த வெள்ளைப் பையை வைத்துத்தான் கண்டுபிடித்தாள்.

ஆலை வாசலிலும் கொஞ்சம் பேர் நின்றார்கள். பையை வாசலில் தொங்கவிட்ட அன்று நின்றவர்களைவிட அதிகமா என்று சொல்ல முடியவில்லை. வெள்ளை அடித்த வீட்டுக்காரி அதில் இருந்தாள். மேலே நிமிர்ந்து பார்த்தாள். கை எதுவும் அசைக்கவில்லை. நின்றாள், அவ்வளவுதான்.

கனத்த மூடியைத் திறந்ததும் துளைகள் தெரிந்தன, தட்டு முழுக்க. ஏணியின் ஆட்கள் பழைய பைகளை உருவிப் போட்டிருந்தார்கள். எல்லாம் கிழிந்து கிடந்தன. சிலதுக்கு அடிவட்டமே இல்லை. அவள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே கம்பித் தடம் ஆழமாக இருந்தது. வெள்ளை நூல். மகள் ஊரைவிட்டுப் போவதற்கு முன் அவள் தைத்த பை அது. அத்தனை வருடமும் இந்த ஓட்டைப் பைகளின் வழியாகத்தான் எல்லாம் வந்திருக்கிறது.

"எட்டு அறையும் இப்படித்தானாண்ணே?"

"இதுதான் கொஞ்சம் நல்ல அறை" என்றார் ஏணி.

அவள் மெஷின் முன் குந்தினாள். முதல் துளையின் அளவை நாடாவால் எடுத்தாள். சுற்றிவர ஓர் இடத்தில் தேய்ந்து அகன்றிருந்தது. அந்த இடத்துக்குப் பட்டியில் ஒரு மடிப்புக் கூட்டினாள். எஃகு வளையத்தை உள்ளே வைத்து மூடி, பட்டியை மெஷின் ஊசிக்கடியில் தள்ளினாள். நூல் சிவப்பு. அவளே தேடி வாங்கியது. நாளைக்கு எவனாவது ஒரு பையைப் புரட்டி எடுத்து வந்து மாதிரி என்று நீட்டினால், சிவப்பு வாய் அவளுக்குச் சொல்லிவிடும்: உள்ளே தடவிப் பார் என்று.

ஒரு சுற்று தைத்தாள். அதன்மேல் இன்னொரு சுற்று. ஊசித் துளை வழியாகவும் தூசி போகும் என்பதால் தையல்மேல் பசை தடவி, அது இறுகும்வரை ஊதினாள். ஊதும்போது தொண்டை அரித்தது. முகத்தைத் திருப்பி இருமிவிட்டு மறுபடி ஊதினாள்.

எட்டில் ஓர் அறை. அந்த அறையில் ஒரு துளை. கீழே ஒரு கைப்பிடி ஆட்கள்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். விரலை வளையத்தின்மேல் ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்த்தாள். எங்கும் தட்டவில்லை. எழுந்து, பையை இரண்டு கையிலும் ஏந்தி, தட்டின் ஓரத்தில் முழங்காலிட்டிருந்த ஏணியிடம் நீட்டினாள்.

"மாட்டுங்கண்ணே. நான் பாக்கணும்."

அவர் கைகளைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.